‘கைக்கு?’ என்று கேட்டவர்

அக்காவிடம் யாரும் ‘கூடாது’ என்று சொல்லிவிட்டுச் சும்மா போய்விட முடியாது. ‘கைக்கு?’ என்பார். ஹைதராபாத்தில் ‘ஏன்’ என்பதற்கு அதுதான் சொல். ஆட்டோக்காரர் முதல் காய் விற்கும் அம்மா வரை எல்லோரும் சொல்வதுதான். ஆனால் மற்றவர்கள் வாயில் அது சண்டைக்குக் கொஞ்சம் முன்னால் வரும். அக்கா கேட்டால் அது வெறும் கேள்வி. கேட்டுவிட்டுத் தலையை லேசாகச் சாய்த்துப் பதில் வரும்வரை காத்திருப்பார். அந்தக் காத்திருப்பைத்தான் எங்கள் அடுக்ககத்தில் யாராலும் தாங்க முடியவில்லை. பதில் நியாயமாக இருந்தால் ஆமாம் என்ற பொருளில் ‘ஹவ், சரி’ என்று அந்த நிமிடமே ஏற்றுக்கொள்வார். பதில் இல்லையென்றால், நீங்கள் சொன்னதே காதில் விழாதது போல் விட்ட வேலையைத் தொடர்வார்.

மாரெட்பள்ளியில் எங்கள் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் அவர் குடியிருந்தார். நாற்பதை ஒட்டிய வயது, தனி ஆள். அப்பாவும் தாத்தாவும் ஆற்காட்டிலிருந்து வந்து லாலாகுடா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர்கள். அதனால் ஆற்காட்டுப் பக்கத்துத் தமிழ், நடுநடுவே உருது. முன்னறையில் பல் செட் செய்யும் தொழில். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள், இவர் மெழுகில் வரிசை கட்டிப் பல் பொருத்தித் திருப்பி அனுப்புவார். ஜன்னலோரமாகப் பத்துப் பதினைந்து வாய்கள் சிரித்துக்கொண்டே காய்ந்துகொண்டிருக்கும். பின்னறையில் விமானங்கள். பொம்மை என்று சொல்லிவிட்டால் அக்காவுக்குக் கோபம் வரும். ரிமோட்டில் பறப்பவை, பால்சா கட்டையில் அவரே அறுத்து ஒட்டியவை, சில என் கையை விரித்தாலும் அடங்காத அகலம்.

நான் கரூரிலிருந்து கல்யாணமாகி வந்தவள். எம்.காம். படித்திருக்கிறேன். என்றாலும் கேஸை மூடினேனா என்று படியிறங்கிய பிறகு திரும்பி ஏறிப் பார்க்கிற ரகம். என் மகள் இனியாவுக்கு அப்போது ஐந்து வயது. அவளுக்கு வீசிங். என் கைப்பையில் எப்போதும் அவள் மருந்தை உறிஞ்சும் பஃப் இருக்கும். அது தீர்ந்துபோயிருந்தால் என்ன செய்வது என்று இன்னொரு பஃப்பும் இருக்கும். எங்கள் வீட்டில் அவளுக்கு ஒரே ஒரு சட்டம்: ஓடக்கூடாது. பூங்காவில் மற்ற பிள்ளைகள் ஓடும்போது அவள் என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, யார் ஜெயித்தார்கள் என்று சொல்வாள். சரியாகச் சொல்வாள். அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அக்காவோடு முதல் பழக்கமே தகராறில்தான் தொடங்கியது. அவர் மொட்டைமாடியில் உட்கார்ந்து இறக்கைகளை உப்புத்தாளால் தேய்ப்பார். மாவு மாதிரி மரத்தூள் பறக்கும். எங்கள் வீடு மாடிக்கு நேர் கீழே. என் மாமியார் அசோசியேஷன் செக்ரட்டரியிடம் முறையிட்டார். செக்ரட்டரி ஓய்வுபெற்ற தெலுங்குக்காரர், மென்மையானவர். எங்களையும் அழைத்துக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் போய் நின்றார்.

“மேடம், மாடிமேல தேய்க்கக் கூடாது.”

“கைக்கு?”

“பாப்பகி வீசிங் உந்தி கதா” என்று இனியாவைக் காட்டினார். பாப்பாவுக்கு வீசிங் இருக்கிறதே என்று பொருள்.

அக்கா குனிந்து இனியாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “தூசி ஒத்துக்காதா? எப்போலேர்ந்து? நான் மேல தேய்க்கிற அன்னிக்கு ஜாஸ்தி ஆவுதா?”

நான் தயங்கினேன். “ஆகுதுன்னுதான் நினைக்கிறேன்... சரியாத் தெரியலைங்க.”

“நெனச்சாலே போதும், கொழந்த விஷயம். ஹவ், சரி” என்றார். “இதச் சொல்ல எதுக்கு இத்தினி பேரு? நீ மட்டும் வந்து சொல்லியிருக்கலாமே.”

அன்று மாலையிலிருந்து மாடியில் ஒரு துளித் தூள் பறக்கவில்லை. பல் பட்டறையில் தூளை உறிஞ்சும் மெஷின் ஒன்று இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து இறக்கையையும் தேய்த்தார்.

ஒரு வெற்றி கிடைத்த தைரியத்தில் செக்ரட்டரி அடுத்த வாரம் மறுபடி போனார். அவரிடம் இருக்கும் மாடிச் சாவியை ஒப்படைக்க வேண்டும், விமானத்தை மாடியில் காயவைக்கக் கூடாது, ஒரு லேடி ஞாயிற்றுக்கிழமை காலையில் இதையெல்லாம் தூக்கிக்கொண்டு தனியாகப் போய்வருவது அடுக்ககத்துக்கு அழகாக இல்லை என்றார்.

“கைக்கு?”

செக்ரட்டரி வெயில் என்றார், பாதுகாப்பு என்றார், பிறகு ‘நாலு பேர்’ என்றார்.

“அந்த நாலு பேர்ல ஒருத்தர வந்து சொல்லச் சொல்லுங்க. சாவி இங்கயே மாட்டியிருக்கும்.”

சாவி அவர் வீட்டுச் சுவரில், ஒரு மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் நடுவில் தொங்கியது. யாரும் வரவில்லை. அவர் வீடு மாறிப் போகும் நாளில்தான் அது கைமாறியது. அன்றும் செக்ரட்டரியிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதை நான் என்ன செய்யலாம் என்று ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். அக்காவாக இருந்தால் யோசித்திருக்க மாட்டார் என்பதால் நானும் சுவரில் மாட்டிவிட்டேன். இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. என்னிடமும் யாரும் காரணம் சொல்லவில்லை.

அவரை எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. எனக்கே சில நாள் பிடிக்காது. ஒருமுறை வீட்டுக்கு வந்தவர் என் மாமியாரிடம், “படிச்ச பொண்ணு, வேலைக்குப் போவக் கூடாதுன்னு வெச்சிருக்கீங்களாமே, கைக்கு?” என்று கேட்டுவிட்டார். காபி டம்ளரோடு நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அப்படி யாரும் என்னை வைத்திருக்கவில்லை. இனியாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நானாகத்தான் வேலையை விட்டேன். அதையும் மாமியார்முன் சொல்ல நேர்ந்தது. “நீயாவா? அப்போ சரி” என்று காபியைக் குடித்தார். அவர் போன பிறகு மாமியார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் நானாகத்தான் விட்டேனா என்பதை ஒரு வாரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மழைக்கால மத்தியானம் அவரே மேலே வந்து கதவைத் தட்டினார்.

“உன் கண்ணு வேணும் எனக்கு. கொழந்தையும் வரட்டும். தூளு இல்ல, ஈரத் துணி போட்டுத் தொடச்சிட்டேன்.”

கட்டில்மேல் ஒரு மஞ்சள் விமானம் மல்லாந்து கிடந்தது. இறக்கையின் பின்விளிம்பில், உடம்பை ஒட்டி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பட்டைகளைப் புதிதாக அறுத்துக் கீல் வைத்திருந்தார். ஃபிளாப். தரையிறங்கும்போது இவை கீழே மடங்கினால் விமானம் மெதுவாக வரும், மெதுவாக வந்தாலும் விழாது என்று அவர் சொன்னது மட்டும் எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு குட்டி மோட்டார், அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி. கம்பி, பல் செட்டுக்குக் கொக்கி வளைக்கிற கம்பிதான்.

“நான் சுச்சு தட்டறேன். நீ பின்னாடிலேர்ந்து பாரு. ரெண்டும் ஒரே மாதிரி எறங்கணும். ஒண்ணு ஜாஸ்தி எறங்கினா மேல போய் சாஞ்சிரும்.”

தட்டினார். ஒன்று கீழே போனது, ஒன்று மேலே போனது. இனியா கைதட்டிச் சிரித்தாள்.

“ஒண்ணு நமஸ்தே சொல்லுது, ஒண்ணு டாட்டா சொல்லுது!”

“மோட்டார எதிரும் புதிருமா ஒட்டியிருக்கேன், அதான். ரேடியோல திருப்பி விட்டா ரெண்டும் நமஸ்தே சொல்லும்” என்று கையிலிருந்த ரிமோட்டில் ஏதோ மாற்றினார். அவர் அதை ரேடியோ என்றுதான் சொல்வார். இம்முறை இரண்டும் சேர்ந்து இறங்கின. “சரியா இருக்கா?”

“சரியாத்தான் இருக்குங்க... ஒரு தடவ மறுபடி பண்ணுங்க.”

பண்ணினார். நான் மறுபடி என்றேன். வலது பட்டை வழியில் ஓரிடத்தில் தயங்குவதாகப் பட்டது. சொல்லலாமா வேண்டாமா என்று எனக்கே சந்தேகம். என் கண்தான் சரியில்லையோ என்னவோ. “எனக்குத்தான் அப்படித் தெரியுதோ” என்று இழுத்தேன்.

அக்கா பட்டறைக்குப் போய் ஒரு நீலத் தாளை எடுத்துவந்தார். பல் எங்கே இடிக்கிறது என்று பார்க்க டாக்டர்கள் கடிக்கக் கொடுப்பார்களே, அந்தத் தாள். அதைப் பட்டைக்கும் இறக்கைக்கும் நடுவே செருகிச் சுவிட்சைத் தட்டினார். கீலுக்குப் பக்கத்தில் கடுகளவு நீலப் புள்ளி விழுந்தது. அங்கேதான் உரசுகிறது.

“அரே, இங்க பாரு!” என்று என் தோளில் ஒரு அடி. “பறக்கவிடற கிரவுண்டுல இருக்கிற ஆம்பளைங்க ஒரு தடவ பாத்துட்டு ஓக்கேம்பாங்க. எனக்கு ஓக்கே வேணாம்மா. பத்து தடவ சந்தேகப்படற ஆளு வேணும்.”

என் சந்தேகத்தை யாரும் அதுவரை வேண்டும் என்று கேட்டதில்லை.

புள்ளியைச் சுரண்டியபடியே, ஃபிளாப்புக்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்டதற்குச் சொன்னார். போன விமானத்திலும் வைத்தாராம். அதை இறக்கியதும் மூக்கு சட்டென்று மேலே தூக்கியது. பார்த்தவர்கள் எல்லாம் ‘ஏத்து, ஏத்து’ என்று கத்தினார்கள். பயத்தில் ஃபிளாப்பைப் படக்கென்று மேலே ஏற்றிவிட்டார். மெதுவாக வந்துகொண்டிருந்த விமானத்தைத் தாங்கிக்கொண்டிருந்ததே அதுதான். கல்லாக விழுந்தது.

“மூக்கு தூக்குனா பொறுக்கணும், லேசா அமுக்கணும். எறக்குனத பயந்துக்கினு திரும்ப ஏத்தக் கூடாது. அந்த ஒரு தடவதான் யாரோ சொன்னாங்கன்னு கைக்குன்னு கேக்காம செஞ்சேன்.”

இனியா ரிமோட்டின் ஏரியலைத் தொடப் போனாள். நான் “ஓடாதே” என்றேன். அவள் ஓடவில்லை, நடக்கத்தான் செய்தாள். பழக்கத்தில் வந்துவிட்டது.

அக்கா சுரண்டுவதை நிறுத்தினார். “ஓடக் கூடாதா? கைக்கு?”

“வீசிங்குங்க அக்கா. டாக்டர் சொல்லியிருக்காங்க.”

“எந்த டாக்டரு? எப்போ?”

தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். நான் யோசித்தேன். டாக்டர் என்னிடம் சொன்னதாக நினைவில்லை. மாமியாரிடம் சொல்லியிருப்பார். “அத்தைகிட்ட சொன்னாருங்க” என்றேன். அக்கா தலையாட்டிவிட்டுப் பட்டைக்குத் திரும்பினார். மேலே ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டு மறந்திருப்பேன்.

அன்று மாலை மாமியாரிடம் கேட்டேன்.

“அத்தை, பாப்பா ஓடக் கூடாதுன்னு டாக்டர் உங்ககிட்ட எப்பங்க சொன்னாரு?”

“எங்கிட்ட எங்க சொன்னாரு? நீதான கண்ணு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சொன்ன?”

நான் சொல்லவில்லை. கணவரிடம் கேட்டேன். நானும் அத்தையும் பேசிக்கொண்டதைக் கேட்டுத் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். மூன்று பேரில் ஒவ்வொருவரும் அடுத்தவர் சொன்னதாக நினைத்து இரண்டு வருடமாக ஒரு குழந்தையை பெஞ்சில் உட்காரவைத்திருந்தோம். இனியாவுக்கு முதல் முறை இளைத்தபோது அவள் முகத்தில் நெபுலைசர் முகமூடியைப் பிடித்துக்கொண்டு மாமியார் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. அன்றைய பயம்தான் டாக்டரின் குரலில் பேச ஆரம்பித்திருக்க வேண்டும்.

டாக்டரிடமே போய்க் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, அதற்காக அவருக்கு நன்றி. “நான் அப்படிச் சொல்லலையேம்மா. நல்லா ஓடட்டும். பஃப் கையில் இருக்கட்டும், இளைச்சா நிறுத்திக் கொடுங்க” என்றார். மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். எனக்குப் புதுப் பயம்தான் வந்தது. இதுவரை கூடாது என்று சொன்னவர் டாக்டர். இனிமேல் சொன்னால் அது நான்.

“ஆனாலும் தூசில வேண்டாம்” என்றார் மாமியார். “மழை போகட்டும்” என்றார் கணவர். நானும் தலையாட்டினேன். இனியா பெஞ்சிலேயே இருந்தாள்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போனார். ஊருக்கு வெளியே, ஷாமீர்பேட்டைக்கும் அப்பால் ஒரு தரிசு நிலம். ஒரு கோடியில் யானைக் கூட்டம் படுத்திருப்பது போலப் பாறைகள். விமானங்கள் அந்தப் பாறைகளுக்கு மேலாகத்தான் தரையிறங்க வரவேண்டும். பாறையைத் தாண்ட உயரமாக வந்தால், இறங்காமல் மிதந்து மிதந்து மறுகோடிக்குப் போய்விடும். ஒவ்வொரு முறையும் நடந்துபோய் எடுத்துவர வேண்டும். பாறையைத் தாண்டியதும் மெதுவாக இறங்கிக் கிட்டத்திலேயே நிற்கவைக்கத்தான் அந்த ஃபிளாப்.

அங்கே இருந்த நாலைந்து ஆண்கள் அக்காவை ஆப்பா என்றார்கள். அதுவும் அக்காதான். தலைப்பாகை மாதிரித் துண்டு கட்டியிருந்த ஒருவர் இறக்கையைப் பார்த்ததும், “ஆப்பா, மறுபடியும் ஃபிளாப்பா? நக்கோ, வேணாம்!” என்றார்.

“கைக்கு நக்கோ?”

“போன தடவ என்ன ஆச்சு?”

“போன தடவ நீ கத்துனே, நான் கேட்டேன். அதான் ஆச்சு.”

மற்றவர்கள் சிரித்தார்கள், அவரும் சேர்ந்து சிரித்தார்.

அக்கா விமானத்தை மேலே ஏற்றினார். கண்ணுக்குச் சின்னதாகும்வரை ஏற்றினார். அங்கே வைத்து ஃபிளாப்பை இறக்கினார். மூக்கு தூக்கியது. அவர் நிதானமாக ரேடியோவில் ஏதோ திருகினார். மறுபடி இறக்கினார். மூக்கு முன்னைவிடக் குறைவாகத் தூக்கியது. மறுபடி. இப்போது விமானம் தலையசைக்காமல் அப்படியே மெதுவானது.

“பயப்படறத எல்லாம் ஒசரத்துலயே பயந்து முடிச்சிரணும்” என்றார், கண்ணை வானத்திலிருந்து எடுக்காமல். “தரைக்குக் கிட்ட வந்தப்புறம் அதுக்கு டைமில்ல.”

பிறகு தரையிறக்கக் கொண்டுவந்தார். பாறைகளைத் தாண்டியதும் இரண்டு பட்டைகளும் ஒன்றுபோல மடங்கின. நான் பார்த்தேன், ஒன்றுபோலத்தான். அந்த நேரம் பார்த்து ஒரு காற்று வந்தது. மூக்கு தூக்கியது.

“உடாலோ! ஆப்பா, ஃபிளாப் உடாலோ!” என்று துண்டுக்காரர் கத்தினார். தூக்கு, தூக்கு என்று கத்துகிறார் என்பது எனக்கே புரிந்தது. எனக்கும் கத்த வேண்டும்போல இருந்தது. அக்காவின் விரல் அந்தச் சுவிட்சின் பக்கமே போகவில்லை. கட்டைவிரலால் மட்டும் ரேடியோவின் குச்சியை லேசாக அமுக்கி வைத்திருந்தார். விமானம் காற்றில் ஒரு கணம் முடிவெடுக்க முடியாததுபோல நின்றது. பிறகு மூக்கைத் தாழ்த்தி, நினைத்த இடத்தைவிடக் கொஞ்சம் தள்ளி, மைதானத்தின் நடுவில் உட்கார்ந்தது.

யாரோ விசிலடித்தார்கள். அதற்குள் இனியா என் கையை உதறிவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

ஓடினாள். அவள் ஓடிப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! கை இரண்டும் தாறுமாறாக ஆட, செருப்பு புழுதியைக் கிளப்ப, விமானத்தை நோக்கி ஓடினாள். வானத்தில் வேறு விமானம் எதுவும் இல்லை. அவளைத் தடுக்க அதைக் காரணமாகச் சொல்லக்கூட வழியில்லை.

“இனியா!” என்று கத்திவிட்டேன்.

பாதி தூரத்தில் நின்று திரும்பினாள். கூப்பிட்டால் நிற்கிற குழந்தை, அப்படித்தான் வளர்த்திருந்தேன். அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். கால் ஏற்கெனவே என் பக்கம் திரும்பியிருந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அவர் ரேடியோவை அணைத்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் ‘கைக்கு’ என்று கேட்டிருந்தாலாவது எதிர்த்து ஏதாவது சொல்லியிருப்பேன்.

“ரெக்கையப் பிடிக்காத!” என்று கத்தினேன். “ஒடம்பப் பிடிச்சுத் தூக்கு!”

அவளுக்கு அது புரிய ஒரு கணம் ஆனது. பிறகு திரும்பி, முன்னைவிட வேகமாக ஓடினாள்.

விமானத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நின்றபோது மூச்சு வாங்கியது. காதைக் கிட்டே வைத்துக் கேட்டேன், கொஞ்சம் இளைப்பும் இருந்தது. பஃப் கொடுத்தேன், உட்காரவைத்தேன். மாமியார் போனில் வந்தார். எங்கே இருக்கிறீர்கள் என்றார். மைதானத்தில், இனியா ஓடினாள் என்றேன்.

“ஓடுனாளா? ஏன் கண்ணு விட்ட?”

“ஏனுங்க அத்தை விடக் கூடாது?”

நான் எதிர்த்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. “பஃப் கொண்டுபோனியா?” என்றார். கொண்டுவந்தேன் என்றேன். “ரெண்டும்?” என்றார். ரெண்டும் என்றேன். “செரி” என்று வைத்துவிட்டார்.

அக்கா இப்போது குகட்பள்ளியில் இருக்கிறார். அதே ஊர்தான், ஆனால் மாரெட்பள்ளியிலிருந்து அங்கே போய்வருவது வேறு ஊருக்குப் போய்வருவது மாதிரி. போன் பேச்சும் மெல்லக் குறைந்துவிட்டது. இனியாவுக்கு எட்டு வயதாகிறது. வீசிங் அவ்வப்போது வருகிறது, போகிறது. பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் கடைசிக்கு முந்தியவளாக வருகிறாள். அவளை நிழலில் உட்காரவைக்கட்டுமா என்று பி.டி. மிஸ் போனில் கேட்டபோது, எதற்கு என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அக்காவை நினைத்தால் எனக்குக் கண்முன் வருவது அன்றைய இரண்டாவது பறப்புதான். இளைப்பு அடங்கியதும் இனியா எழுந்து அக்காவிடம் போனாள்.

“ஆன்ட்டி, நெக்ஸ்ட் டைம் தூரமா லேண்ட் பண்ணுங்க. அதோ, அந்தக் கடைசில.”

ஒரு வருடமாக, கிட்டத்தில் இறக்குவதற்காகவே அறுத்து, ஒட்டி, சுரண்டி, ஒரு விமானத்தையும் பறிகொடுத்தவர் அவளை முறைத்துப் பார்த்தார்.

“தூரமாவா? கைக்கு?”

தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். செக்ரட்டரி நின்ற, நான் நின்ற, என் மாமியார் நின்ற அதே இடத்தில் இனியா நின்றாள். அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

“அப்பதான நான் ரொம்ப நேரம் ஓடலாம்?”

“ஹவ், சரி” என்றார் அக்கா.

விமானம் மறுபடி மேலே போனது, சுற்றியது, பாறைகளைத் தாண்டி வந்தது. ஃபிளாப் இறங்கவில்லை. எங்கள் தலைக்கு நேராக மிதந்து, மிதந்து, போய்க்கொண்டே இருந்தது. “க்யா ஆப்பா, ஃபிளாப் ஃபெயிலா?” என்றார் துண்டுக்காரர். மறுகோடியின் புதர் ஓரத்தில் மஞ்சளாக அது தரைதட்டுவதற்கு முன்பே இனியா பாதி தூரம் போயிருந்தாள்.